குரலுக்கு ஏற்ற கட்டை: வீட்டிலேயே கரோக்கி செய்வது

செந்துறைப் பக்கம் ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீர் வந்து இறங்கி, பந்தியும் முடிந்த பிறகு மைக் செட்டுக்காரர் மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். எட்டாவது படிக்கும் ஒரு பெண் பாட வந்தாள். யாரோ செல்பேசியில் யூடியூப் கரோக்கி ஒன்றை ஓடவிட்டார்கள். பல்லவி அழகாகப் போனது. சரணத்தில் மேலே ஏறும் அடி வந்ததும் குரல் உடைந்தது. இரண்டாம் முறையும் உடைந்தது. பாதியில் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டாள்.

அந்தப் பெண்ணுக்குச் சுருதி பிசகவில்லை, தாளமும் தவறவில்லை. பாட்டின் கட்டை, அதாவது ஆதார சுருதி, ஆறரையில் இருந்தது, அவள் குரல் ஐந்து கட்டைக் குரல். வேறு குறை எதுவும் இல்லை. அன்றிரவு அதே பாட்டை ஒன்றரைக் கட்டை இறக்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் பள்ளி ஆண்டு விழாவில் முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிற வேலை அதுதான். ஊரில் கிடைக்கும் கரோக்கிக்குப் பாடுகிறவர் தொண்டையை வளைப்பதை விட்டு, பாடுகிறவரின் தொண்டைக்குக் கரோக்கியைத் தைப்பது.

கரோக்கி பிறந்த கதைகளில் ஒன்றும் அப்படித்தான். ஜப்பானில் கோபே நகர மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த டைசுகே இனோவே என்ற இசைக்கலைஞரை, வாடிக்கையாளர் ஒருவர் வெளியூர்ப் பயணத்துக்குத் துணைக்கு அழைத்தார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த வாடிக்கையாளர் பாடும் போக்குக்கு ஏற்றபடி வாசித்து நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்துதான் 1971-இல் அவருடைய காசு போட்டுப் பாடும் பெட்டி வந்தது. 'கரா' என்றால் வெறுமை, 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ராவின் சுருக்கம். பாடகர் இடம் வெறுமையாக விடப்பட்ட வாத்தியக் குழு என்று பொருள்.

முதலில் கட்டை

கணினியைத் திறக்கும் முன் பாடுகிறவரை உட்கார வையுங்கள். பின்னணி எதுவும் இல்லாமல் பாட்டின் மிக உயரமான அடியையும் மிகத் தாழ்ந்த அடியையும் அவர் போக்கில் பாடச் சொல்லிச் செல்பேசியில் பதியுங்கள். கத்தாமல், முணுமுணுக்காமல் இரண்டும் வருகிற இடமே அவர் கட்டை. ஹார்மோனியமோ, செல்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் கீபோர்டோ கொண்டு அவர் ஆதார சட்ஜத்தைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள். பிறகு மூலப் பாட்டின் சட்ஜத்தைக் கண்டுபிடியுங்கள்.

கணக்கில் பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. ஒலி மென்பொருள்கள் கட்டையில் பேசுவதில்லை, செமிடோனில் பேசும். ஒரு செமிடோன் என்பது ஹார்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த கட்டை, வெள்ளையானாலும் கறுப்பானாலும். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று வரை அரைக்கட்டைக்கு ஒரு செமிடோன் என்பது சரியாக வரும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. ஆகவே நாலரைக் கட்டைப் பாட்டை இரண்டரைக்கு இறக்க நாலு செமிடோன் என்று போட்டால் தப்பு. நாலரை, நாலு, மூன்று, இரண்டரை என்று மூன்றே படி. விரலை வைத்து எண்ணுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

ஆண் பாடிய பாட்டைப் பெண் பாட வேண்டுமானால் சிக்கல் பெரிது. ஒன்றரைக் கட்டையிலிருந்து ஐந்தரைக்குப் போக மேலே ஏழு செமிடோன், கீழே இறக்கினால் ஐந்து. இவ்வளவு நகர்த்தினால் வயலின் வயலினாக இருக்காது. மூன்று செமிடோன் வரை துணிந்து நகர்த்தலாம், நாலு என்றால் யோசிக்கலாம். அதற்கு மேல் கீபோர்டு வாசிப்பவர் ஒருவரைப் பிடித்துப் புதிதாக வாசித்துப் பதிவதே நல்லது.

மூலப் பாட்டு

வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த பாட்டை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். எம்பி3 சுருக்கத்தில் காதுக்குத் தெரியாமல் வெட்டப்பட்டவற்றின் தழும்பு, குரலைப் பிரிக்கும்போது தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் சலசலப்பாக வெளியே வரும். குறுந்தகடு இருந்தால் அதிலிருந்து வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும், ஆகட்டும். அது இல்லையென்றால் நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3.

80-களில் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். டேப் ரெக்கார்டர்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றியவை அல்ல. பாட்டு இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். தனியாகக் கேட்டால் தெரியாது, ஹார்மோனியம் சேர்ந்தால் காது கூசும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' மூலம் வேகத்தை ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் கூட்டிக் குறைத்து முதலில் கட்டையில் உட்கார வையுங்கள். டேப்பின் பிழை வேகப் பிழை, ஆகவே மருந்தும் வேகத்தில்தான்.

குரலைப் பிரித்தல்

பழைய உபாயம் ஒன்றுண்டு. ஸ்டீரியோ பதிவில் பாடகர் குரல் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஒரே அளவில் இருக்கும். ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் இரண்டிலும் பொதுவானது அழிந்துவிடும். குரல் போகும். நடுவில் வைத்துப் பதிந்த பேஸ் கிட்டாரும் தபலாவும் கூடவே போய்விடும். குரலின் எதிரொலி மட்டும் பேய்போல் மிஞ்சும். மோனோப் பதிவுகளில் இந்த உபாயம் செல்லவே செல்லாது, இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் முழுப் பாட்டுமே அழிந்துவிடும். தமிழில் முதல் ஸ்டீரியோப் பதிவு என்று சொல்லப்படும் 'பிரியா' வந்ததே 1978-இல்தான். அதற்கு முந்தைய விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன் காலப் பாட்டுகளுக்கு வீட்டில் கரோக்கி செய்ய நெடுநாள் வழியே இல்லாமல் இருந்தது.

2019-இல் நிலைமை மாறியது. டீசர் நிறுவனம் ஸ்பிளீட்டர் என்ற மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் டெமுக்ஸும் வந்தது. இவை நடுவையும் ஓரத்தையும் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான முறை பாட்டுக் கேட்டுப் பழகிக் குரல், தாளவாத்தியம், பேஸ், மற்றவை என்று நாலு தடமாகப் பிரிக்கின்றன. மோனோப் பாட்டிலும் வேலை செய்யும். 'அல்டிமேட் வோக்கல் ரிமூவர்' என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டால் கட்டளை எதுவும் தட்டச்சு செய்யாமல் பொத்தான்களை அழுத்தியே டெமுக்ஸை ஓட்டலாம். வீட்டில் இருப்பது பழைய மடிக்கணினி என்றால் மெதுவாக ஓடும், சிலவற்றில் ஓடாமலும் போகலாம். 'செக்மென்ட்' அளவைக் குறைத்து வைத்து, சார்ஜரைச் சொருகிவிட்டு, இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள்.

இந்த மென்பொருள்கள் பழகிய பாட்டுகள் பெரும்பாலும் மேற்கத்தியவை. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் தொகுப்பான மியூஸ்டிபி18-இல் 150 பாட்டுகள், பெரும்பாலும் கிட்டார், டிரம்ஸ் வகை. நாகசுரத்தையோ ஷெனாயையோ அது அதிகம் கேட்டதில்லை. அதனால் குரலைப்போலக் குழைந்து வரும் நாகசுரத்தையும், குரலைத் தொட்டுத் தொடர்ந்து வரும் வயலினையும் குரல் என்றே எண்ணி எடுத்துவிடும். கோரஸும் குரலோடு போய்விடும். 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரம் ஆடித் திருவாதிரை விழாவில் இளையராஜா வந்து இசைத்த பிறகு, 2005-இல் வந்த அவருடைய திருவாசகப் பாட்டுகளைப் பாட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பு. அந்தப் பாட்டுகளின் உயிரே சேர்ந்திசைக் குழுதான். அதற்குப் பொதுவான மாதிரியை, அதாவது குரல் பிரிக்கப் பழக்கப்பட்ட 'மாடலை', எடுக்காதீர்கள்; முதன்மைக் குரலை மட்டும் உரிக்கும் 'கரோக்கி' என்று பெயரிட்ட மாதிரிகள் அல்டிமேட் வோக்கல் ரிமூவரிலேயே இருக்கின்றன, அவற்றை எடுங்கள்.

எனக்கு மிகவும் கைகொடுத்த ஒட்டுவேலையை இங்கே சொல்லிவிடுகிறேன். பாட்டின் முகப்பிசையிலும் இடையிசைகளிலும் குரலே கிடையாது. அங்கே எதற்காகப் பிரித்த தடத்தைக் கேட்க வேண்டும்? ஆடாசிட்டியில் மூலப் பாட்டை ஒரு தடத்திலும் குரல் நீக்கியதை அதன் கீழும் வையுங்கள். பெரிதாக்கிப் பார்த்து இரண்டின் அலைகளும் ஒரே இடத்தில் ஏறி இறங்குகின்றனவா என்று சரிபாருங்கள், எம்பி3 என்றால் சிறிது தள்ளி நிற்கும். பிறகு குரல் இருக்கும் இடங்களில் மட்டும் பிரித்த தடம், மற்ற இடமெல்லாம் மூலம். சேரும் இடத்தில் கண் இமைக்கும் நேரத்துக்கு ஒன்று மங்கி மற்றது எழும்படி வையுங்கள். நாகசுரமும் குழலும் முழு உடம்போடு இருக்கும், கேட்பவர் ஒட்டுப்போட்டதைக் கண்டுபிடிக்க மாட்டார். கட்டை மாற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பழைய குரல் மெலிதாக எங்கேயாவது மிஞ்சினால் அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். மேலே ஒருவர் பாடும்போது அது மறைந்துவிடும். முதன்முதலில் மேடையேறும் சிறுபிள்ளைக்கு நானே மூலக் குரலை 18 டெசிபல் குறைத்துச் சேர்த்துவிடுவேன். சபைக்குக் கேட்காது, பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் பிள்ளைக்குக் கைப்பிடிபோல் இருக்கும்.

கட்டையை நகர்த்தல்

ஆடாசிட்டியின் 'சேஞ்ச் பிட்ச்' என்பதில் செமிடோனைக் கொடுத்து, உயர்தர நீட்சி என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். வேகம் மாறாமல் கட்டை மட்டும் மாறும். தாளத் தடத்தைத் தனியே வைத்திருந்தால் இன்னும் நன்றாக வரும்: பேஸையும் மற்ற வாத்தியங்களையும் மட்டும் நகர்த்தி, டிரம்ஸை நகர்த்தாமல் சேர்த்தால் அடி அதே கூர்மையோடு நிற்கும். டிரம்ஸுக்குச் சுருதி முக்கியமில்லை. தபலாவும் மிருதங்கமும் அப்படி அல்ல, அவை பாட்டின் கட்டைக்குச் சுருதி சேர்த்து வாசிக்கப்பட்டவை. பாட்டு இறங்கி தபலா பழைய கட்டையில் நின்றால் கேட்கச் சகிக்காது. ஆகவே எழுபதுகள் எண்பதுகளின் பாட்டென்றால் தாளத்தையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. முதியவர்கள் பாடும்போது மூச்சு வாங்க இடம் வேண்டும். நூற்றுக்கு நாலு ஐந்து குறைத்தால் கேட்பவருக்குத் தெரியாது, பாடுகிறவருக்கு நிம்மதி.

மேடையில் ஆறு நிமிடப் பாட்டுக்கு இடமில்லை என்பார்கள். இரண்டாம் சரணத்தை வெட்டுவதென்றால் தாள எடுப்பில் வெட்டி எடுப்பிலேயே ஒட்டுங்கள், பாட்டு வரியைப் பார்த்து வெட்டாதீர்கள். வெட்டும் முன் இசட் விசையை அழுத்தினால் அலை பூஜ்யத்தைத் தொடும் இடத்துக்குக் கோடு நகரும், 'டிக்' என்ற சத்தம் வராது. முகப்பிசை இல்லாமல் குரலில் தொடங்கும் பாட்டுக்கு முன்னால் சட்ஜத்தை ஒரு முறை ஒலிக்கவிட்டு, ஒரு தட்டு தாளமும் சேர்த்துவிடுங்கள். அந்த நாலு நொடி இல்லாமல் எத்தனையோ நல்ல பாடகர்கள் தப்பான கட்டையில் எடுத்துத் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மைக் செட்டுக்குப் போகும் முன்

சில பழைய குரல்நீக்கிகள் இடப்பக்கத்தில் ஒன்றையும் வலப்பக்கத்தில் அதன் தலைகீழையும் எழுதித் தரும். ஹெட்போனில் விரிந்து அருமையாகக் கேட்கும். மைக் செட்டு ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் கூட்டி மோனோவாக்கும்போது ஒன்றையொன்று தின்று மேடையில் நிசப்தம் ஆகிவிடும். செய்து முடித்த கோப்பை ஆடாசிட்டியில் மோனோவாக்கி ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கோயில் விழாக்களில் மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளுக்குப் பேஸ் கிடையாது. பேஸை நம்பித் தாளம் பிடிக்கும் பாட்டில் பாடகருக்கு அடி கேட்காமல் போகும். குழாய்க்கென்று தனிக் கோப்பு செய்து, அடிப்பகுதியைக் குறைத்து, தபலாவையோ டிரம்ஸையோ இரண்டு மூன்று டெசிபல் ஏற்றி, வேண்டுமானால் ஜால்ராவும் சேர்த்துக் கொடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் பாடிப் பழக வேண்டாம், ஒலி சற்றுத் தாமதித்தே வரும். கம்பிதான் நல்லது.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். கோப்பு எம்பி3 ஆகவே இருக்கட்டும், ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் சின்ன பிளேயர்கள் பலவும் வேறு எதையும் படிக்காது. தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் எண்ணால் பெயரிடுங்கள். பல பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல் நகலெடுத்த வரிசையில் பாடும். எனவே நிகழ்ச்சி வரிசைப்படி ஒவ்வொன்றாக நகலெடுங்கள். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதி. முக்கியமான பாட்டைக் கடைசியில் வைக்காதீர்கள்.

திரையில் வரிகள் ஓட வேண்டுமென்றால் ஏஜிசப் என்ற இலவச மென்பொருள் போதும். ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல் எழுத்தெழுத்தாக நிறம் மாற்றப் போனால் 'கொ' என்பதில் ககரம் ஒரு நேரமும் கொம்பும் காலும் வேறு நேரமுமாகச் சிதறும். சொல் சொல்லாக மாறட்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரி, கறுப்பில் மஞ்சள், பின்வரிசையிலிருந்து படிக்கும் அளவு எழுத்து, வரி ஒன்றரை நொடி முன்னதாகவே தோன்ற வேண்டும். முடிந்ததும் ஹேண்ட்பிரேக்கில் எழுத்தைப் படத்தோடு பதித்து எம்பி4 ஆக்குங்கள். தனிக் கோப்பாக விட்டால் பல தொலைக்காட்சிகளில் தமிழ் உடைந்துபோகும்.

உரிமை பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சமயச் சடங்கிலும் அரசு விழாவிலும் திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டிசைப்பதற்கு விலக்குத் தருகிறது. செய்த கோப்பை யூடியூபில் ஏற்றுவதும் விற்பதும் வேறு. அதற்கு உரிமையாளர் அனுமதி வேண்டும்.

யாரும் விற்காத பாட்டு

திரைப்பாட்டுக்கு எங்கேயாவது ஒரு கரோக்கி கிடைத்துவிடும். திருமழபாடி மேல் சுந்தரர் பாடிய பதிகத்துக்கு உங்கள் மகள் கட்டையில் எங்கே கிடைக்கும்? கங்கைகொண்ட சோழேச்சரத்துக்குக் கருவூர்த் தேவர் பாடிய திருவிசைப்பாவுக்கு? ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுதிய திருக்காவலூர்க் கலம்பகத்தின் ஒரு பாட்டை மாதா கோயிலில் இசையோடு பாட வேண்டுமென்றால்? மாரியம்மன் திருவிழாவில் உங்கள் தெருப் பெண்கள் பாடும் கும்மிக்கு? இவற்றை நாமேதான் செய்ய வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆடாசிட்டியில் ஒரு தடத்தில் தம்புராவை ஓடவிடுங்கள். 'ரிதம் டிராக்' என்பதில் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கொடுத்து இன்னொரு தடத்தில் தாளம். இரண்டையும் காதில் கேட்டபடி ஹார்மோனியம் வாசிப்பவர் ஒரு தடம் வாசிக்கட்டும், டோலக் இன்னொரு தடம். எல்லோரும் ஒரே நாளில் வர வேண்டியதில்லை. கேட்கும் ஒலி ஹெட்போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். பதிவாவது சிறிது பின்தங்கி விழுந்தால், ஆடாசிட்டியின் அமைப்பில் தாமத ஈடு என்ற ஒன்று இருக்கிறது. மேசையைத் தட்டிப் பதிந்து பார்த்து அந்த எண்ணைச் சரிசெய்யுங்கள்.

தனி ஸ்டுடியோ தேவையில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், செல்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், சுவரில் இரண்டு போர்வை தொங்கவிடுங்கள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரமோ பெரம்பலூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலைப் பக்கமோ வீடு இருந்தால், விடியுமுன் நாலு மணி வாக்கில் பதியுங்கள். அப்படியும் தரையோடு ஓர் உறுமல் வரும். பெண்குரல் தடத்தில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் லாரி போய்விடும், குரலுக்கு ஒன்றும் ஆகாது. டோலக் தடத்தில் அப்படி வெட்டாதீர்கள், அதன் தொப்பிப் பக்க நாதம் அங்கேதான் இருக்கிறது.

கும்மி மட்டும் வேறு மாதிரி. தம்புராவுக்கும் தாளப் பெட்டிக்கும் அந்த அம்மாக்களை அடங்கச் சொல்லாதீர்கள். வட்டமாக நின்று கொட்டிப் பாடும்போதுதான் அந்தப் பாட்டு வருகிறது, உட்கார வைத்து ஒருவரை மட்டும் பாடச் சொன்னால் வரி மறந்துபோகும். அவர்கள் கும்மியடிக்கும்போதே முழுதாகப் பதிந்துகொள்ளுங்கள். எந்தக் கட்டையில் நிலைத்தார்கள், வேகம் எங்கே கூடியது என்று பிறகு குறித்து, அந்தக் கட்டையில் அந்த வேகத்தில் ஹார்மோனியமும் டோலக்கும் வாசிக்கச் செய்யுங்கள். கைகொட்டலை மூலப் பதிவிலிருந்தே எடுங்கள். குரல் பிரிக்கும் மென்பொருள் அந்தக் கொட்டலைத் தாளத் தடத்தில் தனியே எடுத்துத் தரும்.

பதிவு தொடங்கும்போது ஊர்ப் பெயர், தேதி, பாட்டை யாரிடம் கற்றது ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதியுங்கள். அந்த மூலப் பதிவை வெட்டாமல் அப்படியே வேவ் கோப்பாக இரண்டு இடத்தில் வையுங்கள். ஆடாசிட்டியின் பழைய பதிப்பில் சேமித்த வேலை என்றால் கூடவே இருக்கும் 'டேட்டா' கோப்புறையையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும், அது விட்டுப்போனால் கோப்பு வெறும் கூடு. 2021-இல் வந்த மூன்றாம் பதிப்புக்குப் பிறகு எல்லாம் ஒரே கோப்பு. கரோக்கி தயாரானதும் முதல் பிரதியை ஒரு மெமரி கார்டில் போட்டு, பாடிக் கொடுத்த அம்மாவின் சின்ன ரேடியோப் பெட்டியில் சொருகி, அவர் முன்னிலையில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள். எந்த இடத்தில் தாளம் தப்பியிருக்கிறது என்று அவரே சொல்வார்.